எட்டு மாதம் நான் நிறுத்தாத சத்தம்

வாரத்துக்கு ஒரு முறையாவது எங்கள் டீமில் யாராவது ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, சிவப்பு எழுத்தில் இருக்கும் எரரைக் காட்டி, "மேடம், பிரவுசர் பிளாக் பண்ணுது" என்பார். ஒரு டொமைனிலிருந்து வந்த பக்கம் இன்னொரு டொமைனிடம் தகவல் கேட்டால் பிரவுசர் தடுக்கும். இன்று அதற்கு முறையான வழி இருக்கிறது. சர்வரில் இரண்டு வரி சேர்த்தால் வாசல் திறந்துவிடும். அந்த இரண்டு வரியைச் சேர்க்க மூன்று மீட்டிங் போடுகிறார்கள், நான்காவது மீட்டிங்கில் கேக் வெட்டுகிறார்கள். எனக்குக் கோபம் வரும். அந்த இரண்டு வரி பிறக்காத காலத்தில் இதே வாசலில் முட்டி மோதி நெற்றி வீங்கியவள் நான்.

எங்கள் டீமில் நான் போட்ட சட்டம் ஒன்று உண்டு. கோளாறுக்குத் திருத்தம் தயாரானால் அன்றைக்கே அது வாடிக்கையாளரிடம் போய்ச் சேர வேண்டும். இதைச் சொல்லி எத்தனையோ பேரை விரட்டியிருக்கிறேன். ஆனால் நானே ஒரு திருத்தத்தை எழுதி முடித்து, சோதித்து, பென் டிரைவில் போட்டு, எட்டு மாதம் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். கஸ்தூரி என்ற பெண்ணின் நாற்காலி பறிபோகக் கூடாது என்பதற்காக. இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததை இப்போது எழுதிவிடுகிறேன்.

1. ஒரு வரி ஒட்டினால் போதும்

அப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஆறு பேர் வேலை பார்த்த ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தேன். கீழே லேத் பட்டறை, மேலே நாங்கள். கீழே பெரிய மிஷின் ஓடினால் மேலே எங்கள் மானிட்டர்கள் தலையாட்டும். கள்ளிக்குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, இரும்புத் தூளை மிதித்துக்கொண்டு மாடியேறினால் அதுதான் ஐ.டி. துறை.

எங்கள் முதலாளி சந்திரசேகர் சாருக்கு உலகத்தில் எல்லாமே 'சிம்பிள்'. நாங்கள் செய்து விற்றது ஒரு சாட் பெட்டி. அதை விற்கப் போகும் இடமெல்லாம் அவர் சொல்வது ஒரே வசனம்: "உங்க பக்கத்துல ஒரே ஒரு வரி ஒட்டினா போதும் சார். சாட் தானா வந்து உக்காந்துக்கும்." வசனம் அவருடையது, ஒட்டுகிற வேலை என்னுடையது.

எங்களுக்கு முதலில் வந்து மாட்டிய பெரிய வாடிக்கையாளர் தணிகாசலம். எங்களுக்கு மூன்று தெரு தள்ளி மிக்ஸி உதிரி பாகத் தொழிற்சாலை வைத்திருந்தார். ஜார், கப்ளர், பிளேடு, வாஷர் எல்லாம் அங்கிருந்து ஊர் ஊராகக் கடைகளுக்குப் போகும். நாள் முழுவதும் கடைக்காரர்கள் போன் போட்டு, "அண்ணே, அந்தப் பழைய மாடல் ஜாருக்கு மூடி கெடைக்குமா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். எந்தப் பழைய மாடல் என்று கண்டுபிடிப்பதற்குள் போன் கட்டாகும். அதனால் சாட் வைக்கலாம் என்று முடிவு செய்தார்.

அவர் ஒரு நிபந்தனை போட்டார். அவரிடம் ஏற்கெனவே ஒரு ஸ்டாக் சாஃப்ட்வேர் இருந்தது. வேறு ஒரு கம்பெனி செய்தது, பிரவுசரில்தான் ஓடும், அதன் சர்வர் தொழிற்சாலைக்குள்ளேயே இருந்தது. அந்தத் திரையிலேயே சாட்டும் இருக்க வேண்டும். கடைக்காரர் சாட்டில் ஒரு பார்ட் நம்பர் எழுதினால், எந்த ரேக்கில் எத்தனை இருக்கிறது என்று ஸ்டாக் பக்கம் தானாகக் காட்ட வேண்டும். ஸ்டாக் கம்பெனிக்காரர்களோ தங்கள் பக்கத்தில் ஒரு வரிக்கு மேல் ஒட்டக் கூடாது, சர்வரைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

"ஒரு வரிதானே? சிம்பிள்" என்றார் சந்திரசேகர் சார்.

டெமோவுக்குப் போனோம். தொழிற்சாலையிலேயே ஏசி இருந்த ஒரே அறை, முதலாளி அறைக்குப் பக்கத்தில் பிளைவுட் தடுப்புப் போட்ட சின்ன அறை. அதில்தான் கம்ப்யூட்டர். தணிகாசலம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பேக்கிங் பகுதியிலிருந்து அட்டைப் பெட்டியைத் தூக்கிவந்த ஒரு பெண் அதை மூலையில் வைத்துவிட்டு, போகாமல் வாசலில் நின்று பார்த்தாள். என் லேப்டாப்பிலிருந்து கடைக்காரர் மாதிரி ஒரு செய்தி அனுப்பினேன். சாட் பெட்டியில் அழகாக வந்து விழுந்தது. ஸ்டாக் பக்கம் அசையவில்லை. திரையின் அடியில் ஒரு மஞ்சள் முக்கோணம் மட்டும் வந்தது. 'அனுமதி இல்லை' என்று அர்த்தம்.

"இன்னாமா இது? அது பாட்டுக்கு அது கீது, இது பாட்டுக்கு இது கீது. ஒரே ஊட்ல மாமியா மருமவ மாரி மூஞ்சியத் திருப்பிகினு கீதே?" என்றார் தணிகாசலம்.

"நெட் கொஞ்சம் ஸ்லோ சார்" என்றார் எங்கள் சார்.

"நெட்டு ஃபாஸ்ட்டானா பேசிக்குமா?"

"ஒரு வாரம் குடுங்க சார்."

2. பூசாரி தராத வரம்

இளையவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தடை முட்டாள்தனமான தடை கிடையாது. அது இல்லாவிட்டால், நீங்கள் திறந்து வைத்திருக்கும் ஏதோ ஒரு சமையல் குறிப்புப் பக்கம், பக்கத்து ஜன்னலில் இருக்கும் உங்கள் பேங்க் பக்கத்தை எட்டிப் பார்க்கும். அதனால் ஒரு டொமைனுக்கும் இன்னொரு டொமைனுக்கும் நடுவில் பிரவுசர் குறுக்கே நிற்கிறது. சில சமயம் நம் சர்வர் பதிலை ஒழுங்காக அனுப்பியிருக்கும். பதில் வாசல் வரை வந்திருக்கும். பிரவுசர் அதை வாங்கி வைத்துக்கொண்டு பக்கத்திடம் தராது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்று சொல்வார்களே, அந்தப் பழமொழியைக் கண்டுபிடித்தவர் நிச்சயம் வெப் டெவலப்பராகத்தான் இருந்திருப்பார்.

முதலில் ஸ்கிரிப்ட் வழியாகப் போனேன். எஸ்டேட் கேட்டில் எல்லோரையும் நிறுத்தி பாஸ் கேட்கும் செக்யூரிட்டி, டீ கேனோடு வருகிறவரை மட்டும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். பிரவுசருக்கும் அப்படி ஒரு பலவீனம் உண்டு. வேறு டொமைனிலிருந்து தகவல் கேட்டால் மறுக்கும். ஸ்கிரிப்ட் என்று சொல்லிக்கொண்டு வந்தால் கேள்வி கேட்காமல் உள்ளே விடும். செய்திகளையெல்லாம் ஸ்கிரிப்டுக்குள் வைத்து அனுப்பினேன். காலையில் ஓடியது. மதியத்துக்குள் ஆயிரக்கணக்கில் ஸ்கிரிப்ட் சேர்ந்து பிரவுசர் ஊதிப்போய் நின்றுவிட்டது.

அடுத்ததுதான் ஐஃப்ரேம். ஒரு பக்கத்துக்குள் இன்னொரு டொமைனின் பக்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத குட்டி ஜன்னலாக வைக்கலாம். உள்ளே இருப்பது வெளியே பார்க்க முடியாது, வெளியே இருப்பது உள்ளே பார்க்க முடியாது. ஆனால் ஒன்றின் முகவரியை இன்னொன்று மாற்றலாம். முகவரியின் வாலில் # குறிக்குப் பிறகு எதை எழுதினாலும் பக்கம் புதிதாக லோட் ஆகாது. ஆக, பேச வேண்டியதை அடுத்தவர் முகவரியின் வாலில் எழுதிவிட வேண்டும். அவர் அரை நொடிக்கு ஒரு முறை தன் வாலைத் திரும்பிப் பார்த்துக்கொள்வார். இரண்டு வீட்டுக்காரர்களும் பேசிக்கொள்ளக் கூடாது என்று பஞ்சாயத்தில் தீர்ப்பு. ஒருவர் கதவில் மற்றவர் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போனால் தீர்ப்பை மீறியதாக ஆகாது.

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலைதான். ஆனால் மூக்கு கைக்கு எட்டியது. முகவரிக்கு நீள வரம்பு இருந்தது. ஒரு தமிழ் எழுத்து அங்கே போனால் ஒன்பது குறியாக வீங்கும், கொம்போ காலோ சேர்ந்தால் பதினெட்டு. எனவே நீளமான செய்திகளைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பி, மறுபுறம் ஒட்டவைத்தேன். அந்த வாரம் என்னைவிடத் தலைக்கனம் பிடித்தவள் அம்பத்தூரில் இருந்திருக்க மாட்டாள்.

ஒரே ஒரு விஷயத்தை நான் கவனிக்கவில்லை. அந்தக் காலத்து பிரவுசர், முகவரி மாறும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம் போடும். எங்கள் ஆபீஸில் அது யாருக்கும் கேட்கவில்லை. பாட்டுக் கேட்டுக்கொண்டு வேலையைக் கெடுப்போம் என்று சந்திரசேகர் சார் ஆறு கம்ப்யூட்டருக்கும் ஸ்பீக்கரே வாங்கித் தரவில்லை.

3. பல்லி வாக்கு

இரண்டாவது டெமோவுக்குத் தணிகாசலம் ஸ்பீக்கர் வாங்கி வைத்திருந்தார். கடைக்காரர் யாராவது வந்தால் மணி அடிக்க வேண்டும், அது தடுப்புக்கு அந்தப் பக்கம் தன் அறைக்கும் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை.

செய்தி அனுப்பினேன். ஸ்டாக் பக்கத்தில் ரேக் நம்பர் வந்து நின்றது. கூடவே ஸ்பீக்கரிலிருந்து, டக், டக், டக்.

தணிகாசலம் கையைத் தூக்கி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். விரலை மடக்கி மேஜையில் மூன்று முறை தட்டினார்.

"எந்தப் பக்கம் சொல்லிச்சு?"

"எது சார்?"

"பல்லி சொல்லிச்சேம்மா, காதுல உய்லயா?" மேஜை டிராயரிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினார். "வெள்ளிக்கெயம. கெயக்காண்டேந்து சொல்லிகீது. நெனச்ச காரியம் ஜெயம்னு போட்டுகீறான்."

நான் வாயைத் திறந்தேன். சந்திரசேகர் சார் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். மிதித்தும் எனக்கு அடங்கவில்லை.

"சார், அது பல்லி இல்ல. கம்ப்யூட்டர் போடற சத்தம்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எது வழியா சொன்னா இன்னாமா? கோயில்ல பூ வழியா சொல்லுது. உன் பொட்டி வழியா சொல்லக் கூடாதா?"

அங்கேயே ஆர்டர் கொடுத்தார். என் கோளாறு ஒன்றை வாடிக்கையாளர் கன்னத்தில் போட்டுக் கும்பிட்டதை என் பணிக்காலத்தில் அந்த ஒரு நாள்தான் பார்த்திருக்கிறேன். வெளியே வந்ததும் சந்திரசேகர் சார், "உனக்கு எதுக்கும்மா உண்மை பேசற வேலை?" என்று கேட்டார்.

திங்கட்கிழமையிலிருந்து நிஜக் கடைக்காரர்கள் வந்தார்கள். நிஜக் கடைக்காரர்கள் என்னைப் போல 'ஹாய், டெஸ்ட்' என்று எழுதுகிறவர்கள் இல்லை. திருவண்ணாமலைக்காரர் ஒருவர், போன தீபாவளிக்கு வந்த ஜாரிலிருந்து ஆரம்பித்து, தன் மச்சினர் கல்யாணத்தில் சட்னி அரைக்க முடியாமல் போனது வரைக்கும் தமிழிலேயே எழுதினார். பதினான்கு துண்டு. பதினான்கு டக். தணிகாசலம் ஒவ்வொன்றுக்கும் மேஜையைத் தட்டினார். புதன்கிழமை விரல் முட்டி சிவந்துபோய் எனக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, ஒரு தபா சொன்னா வாக்கு. நாள் பூரா சொல்லிகினே இருந்தா அது ரோதன. ஸ்பீக்கரக் கொறச்சா மணி எனக்குக் கேக்காது. நீயே நிறுத்து அத்த."

அந்த ஒரு வாரத்துக்குள் சாட்டில் பதில் எழுதும் நாற்காலிக்கு ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தது. முதலில் உட்கார்ந்தவர் விக்கி. முதலாளியின் மைத்துனர் மகன். சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் பிரிவில் இருந்தார். ஐயப்பன்தாங்கலிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறேன், ஏசியில் உட்காரக் கூடாதா என்று கேட்டு வாங்கிய சீட். இரண்டே நாளில் எழுந்து ஓடினார். "மாமா, கண்ண மூடினாக்கூட டக்கு டக்குன்னுது. பஸ்ல கண்டக்டர் டிக்கெட் கியிச்சா பதறிப் போறேன்" என்றாராம். அடுத்து அக்கவுண்ட்ஸிலிருந்து ஒருவர் அரை நாள். அவருக்குப் பிறகு வந்தவர் தலைவலி மாத்திரைப் பட்டையோடு வந்தார், பட்டை தீர்ந்ததும் போய்விட்டார். அத்தனை பெரிய தொழிற்சாலையில் ஏசி அறை காலியாகக் கிடந்தது.

4. ஆள் கிடைக்கிற வரைக்கும்

முதல் டெமோ அன்று அட்டைப் பெட்டி வைத்துவிட்டு வாசலில் நின்று பார்த்த பெண்தான் கஸ்தூரி. ஆவடியிலிருந்து ரயிலில் வருகிறவள். எட்டு வருடம் பேக்கிங்கில் நின்றுகொண்டே வேலை. நாலாவது படிக்கும்போது வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. பேச வரும். ஆனால் அவள் குரலைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இருந்ததால் அவசியம் என்றால்தான் வாயைத் திறப்பாள். எதிரே பேசுகிறவர் உதட்டைப் பார்த்து முக்கால்வாசி புரிந்துகொள்வாள்.

காலி நாற்காலியைப் பார்த்த அவள், பேக்கிங் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி முதலாளியிடம் நீட்டியிருக்கிறாள்: 'சார், நான் உட்காருகிறேன். எல்லா ஐட்டமும் எனக்குத் தெரியும்.'

"காது கேக்காத புள்ள கஸ்டமராண்ட எப்டிப் பேசும்?" என்று ஆரம்பித்த தணிகாசலம், சாட்டில் யாரும் பேசுவதில்லை என்பது அப்போதுதான் உறைத்து, "செரி, ஆள் கெடைக்கிற வரிக்கும் ஒக்காரு" என்றாராம்.

இது எதுவும் தெரியாமல், நான் திருத்தத்தோடு போய் இறங்கினேன். அந்தக் குட்டி ஜன்னலைத் திரையில் சேர்க்காமல் தனியாக உருவாக்கிப் பிடித்து வைத்திருந்தால் சத்தம் வராது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது. பென் டிரைவ் கைப்பையில். பத்து நிமிட வேலை.

கஸ்தூரி வேலையில் இருந்ததால் பின்னால் நின்றேன். ஸ்பீக்கர் காதைப் பிளந்தது. அவள் நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு கடைக்காரர், ஜாரில் அடியில் ஒழுகுகிறது, வேறு ஜார் அனுப்புங்கள் என்று சண்டைக்கு நின்றார்.

'அடில கீற வாஷர் கருப்பா செவப்பா?' என்று கேட்டாள்.

'கருப்பு.'

'அதுல ஒரு பக்கம் வழவழன்னு இருக்கும். அது மேல் பாத்து கீதா கீழ் பாத்து கீதா?'

கடைக்காரர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, 'மேல்' என்றார்.

'கழட்டி கவுத்துப் போடுங்க.'

இரண்டு நிமிடத்தில் 'நின்னுடுச்சு மேடம்!' என்று வந்தது. போனில் நடந்திருந்தால் ஒரு பார்சல் போய், ஒரு பார்சல் திரும்பி, இரண்டு பக்கமும் திட்டிக்கொண்டிருப்பார்கள். எட்டு வருடம் கையால் தொட்டுத் தொட்டு அடுக்கியவளுக்கு அந்த வாஷர் கண்ணை மூடினாலும் தெரியும். சாட் என்ற சாமானை நான் எதற்காக எழுதினேன் என்று எனக்கே அன்றுதான் புரிந்தது. சந்தோஷமாக இருந்தது.

தணிகாசலம் உள்ளே வந்தார். "வந்துட்டியாமா? இன்னிக்கு நின்னுடும்ல சத்தம்? நின்னா விக்கிய கூப்ட்டு ஒக்கார வெச்சிருவேன். இந்தப் புள்ள பேக்கிங்குக்குப் போய்டும், அங்க ஆள் பத்தல."

கஸ்தூரி அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீபோர்டில் கை நின்றது. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரைக்குத் திரும்பிக்கொண்டாள். கெஞ்சுகிற பார்வை எதுவும் இல்லை. அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்தவள் மாதிரி இருந்தாள்.

"இல்ல சார்" என்றேன். "இது பிரவுசரோட கொணம். நம்ம கையில இல்ல. இப்போதைக்கு நிறுத்த முடியாது."

வாடிக்கையாளரிடம் பொய் சொல்வது எனக்குப் புதிதில்லை. முடியாததை முடியும் என்று சொல்லித்தான் அந்தக் கம்பெனியே ஓடியது. முடித்ததை முடியாது என்று சொன்னது அதுவே முதல் முறை.

"செரி, முடியறப்போ சொல்லு. அதுவரிக்கும் இந்தப் புள்ளயே ஒக்காரட்டும்" என்றார்.

அதன்பிறகு எட்டு மாதம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் சந்திரசேகர் சார் கோளாறுப் பட்டியலைப் படிப்பார். "அந்த டக் சத்தம்?" என்பார். ஆராய்ந்துகொண்டிருக்கிறேன் என்பேன். ஆராய்ச்சிக்கு அழகழகான ஆங்கிலப் பெயர்களாக வைத்தேன், அவர் தலையாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போவார். கடைசியில் ஒரு நாள் அச்சாகி வந்த எங்கள் விளம்பரத் தாளைப் பார்த்தால், 'ஒவ்வொரு செய்திக்கும் உடனடி ஒலி அறிவிப்பு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். அதைப் பார்த்து ஒரு ஆஸ்பத்திரிகூட சாட் வாங்க விசாரித்தது.

5. மேஜை அதிராத நாள்

ஒரு சனிக்கிழமை காலை என் திரையில் கஸ்தூரியின் செய்தி வந்தது. ஏதாவது சிக்கல் என்றால் எங்கள் சாட்டிலேயே என்னைக் கூப்பிடுவாள்.

'மேடம், சத்தம் நின்னுபோச்சா?'

'யார் சொன்னாங்க?'

'யாரும் சொல்லல. காலைலேந்து மேஜ அதிரல.'

விசாரித்தால், ஸ்டாக் கம்பெனிக்காரர்கள் வெள்ளிக்கிழமை வந்து எல்லாக் கம்ப்யூட்டரிலும் புது பிரவுசர் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். புதியது முகவரி மாறினால் சத்தம் போடாத ரகம். எட்டு மாதம் நான் பூட்டி வைத்திருந்த திருத்தத்தை யாரோ சும்மா கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

'விக்கி ரெண்டு தபா ரூமாண்ட வந்து காத வெச்சுக் கேட்டுட்டுப் போனான். திங்கக்கெழம அவன ஒக்காரச் சொல்லிட்டாரு மொதலாளி. என்னிய பேக்கிங்குக்கு வரச் சொல்லிட்டாரு.'

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. 'நான் அவர்கிட்ட வந்து பேசறேன்' என்று எழுதினேன்.

'நீங்க பேசினா கேக்க மாட்டாரு. விக்கி அவரு ஊட்டு மனுசன். சத்தத்த திரும்பப் போட முடியுமா மேடம்?'

'போடறதா?'

'எடுக்கத் தெரிஞ்சவங்களுக்குப் போடத் தெரியாதா?'

எடுக்கத் தெரியும் என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

'அன்னிக்கு மொதலாளியாண்ட முடியாதுன்னு சொன்னீங்க. வாய் முடியாதுன்னுச்சு. கை பையப் புடிச்சிகினு இருந்துச்சு. எனக்கு மூஞ்சிய மட்டும் பாத்துப் பழக்கமில்ல மேடம், ஆளையே பாப்பேன்.'

அடுத்த செய்தி நீளமாக வந்தது.

'இன்னொண்ணும் சொல்லிட்றேன். ஸ்பீக்கர் கொமிழ ஃபுல்லா திருப்பி வெச்சது நான்தான். விக்கி ஒக்காந்த மொத நாளு பெட்டி வெக்க வந்தேன். எதுக்கோ அவனுக்குத் தூக்கித் தூக்கிப் போட்டுகினு இருந்துச்சு. மேஜல கை வெச்சா அதிந்துச்சு. கொமிழக் கொஞ்சம் திருப்பினேன், இன்னும் ஜாஸ்தியா துள்னான். அப்பால வந்த ரெண்டு பேருக்கும் அதேதான். தெனம் பெட்டி வெக்கற சாக்குல போய்த் திருப்பி வெச்சிட்டு வருவேன்.'

இரண்டு நிமிடம் உண்மையிலேயே கோபம் வந்தது. விக்கியின் தூக்கம், மூன்றாவதாக வந்தவரின் தலைவலி மாத்திரை எல்லாம் நினைவுக்கு வந்தன. பிறகு எட்டு வருடம் நின்றுகொண்டே பெட்டி அடுக்கியவள், ஒரு சீட்டெழுதி நீட்டுவதற்கு ஒரு காலி நாற்காலி வேண்டுமென்றால் அதை வேறு எப்படிக் காலி செய்திருக்க முடியும் என்று யோசித்தேன்.

கோபம் போனதும் வெட்கம் வந்தது. அவளை நான் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக எட்டு மாதம் மனதுக்குள் எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் என்பது என் கதைதான். பிரவுசரைச் சுற்றிக்கொண்டு போக வழி கண்டுபிடித்ததற்கே தலை கால் தெரியாமல் ஆடினேன். அவள் பிரவுசர், முதலாளி, விக்கி, நான் என எல்லோரையும் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறாள்.

அன்று மாலையே பழைய கம்ப்யூட்டரிலிருந்து அந்த 'டக்'கைப் பதிவு செய்து, ஒவ்வொரு துண்டுச் செய்திக்கும் ஒரு முறை ஒலிக்கிற மாதிரி சேர்த்து, புது வெர்ஷனாக அனுப்பினேன். ஃபைலுக்கு 'பல்லி' என்றே பெயர் வைத்தேன். கோளாறை மெனக்கெட்டுத் தயாரித்து வாடிக்கையாளருக்கு அனுப்பியவள் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு விக்கி புதுச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார். ஒன்பதரைக்குத் திருவண்ணாமலைக்காரர் வந்தார். டக், டக், டக். அதையாவது விக்கி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பார். பொறுக்க முடியாதது, வந்த கடைக்காரர் ஒவ்வொருவரும் கேட்ட கேள்வி. 'கஸ்தூரி மேடம் இல்லையா?' 'நீங்க யாரு? அவங்கள வரச் சொல்லுங்க.' 'வாஷர் எந்தப் பக்கம் போடணும்னு அவங்களுக்குத்தான் தெரியும்.' இதில் ஒன்றைக்கூட நான் ஏற்பாடு செய்யவில்லை.

மதியம் தணிகாசலம் எனக்குப் போன் போட்டார். "ஏம்மா, பல்லி திரும்பி வந்துகீது. விக்கி சாப்பாட்டுக்குப் போனவன் டிஸ்பாட்ச்லயே ஒக்காந்துகினான், வர மாட்டேன்றான். கடக்காரனுங்க கஸ்தூரி எங்க கஸ்தூரி எங்கன்னு என் செல்லுக்கே அடிக்கிறானுங்கோ."

"என்ன சார் செய்யப் போறீங்க?"

"இன்னா செய்றது? அந்தப் புள்ளையே ஒக்காரச் சொல்லிட்டேன். இனிமே ஆள் தேடறதா இல்ல." போனை வைக்கும் முன், "உன் பல்லி அன்னிக்கு நல்ல வாக்குதாம்மா சொல்லிகீது. எனக்குத்தான் புரியல" என்றார்.

6. அகற்றலாமா?

சாக்பீஸ் வேலையெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. இரண்டு டொமைன்கள் நேராகச் செய்தியைக் கைமாற்றிக்கொள்ள பிரவுசரே ஒரு வாசல் வைத்துவிட்டது. நான் நெற்றி வீங்க எழுதிய வால் தந்திரம் முழுவதையும் ஒரே நாளில் அழித்தேன், கொஞ்சம்கூட வருத்தம் இல்லை. தணிகாசலத்தின் தொழிற்சாலையில் இப்போது சாட்டுக்கு நான்கு நாற்காலி. நான்குக்கும் பொறுப்பு கஸ்தூரி. அவளுடன் இருப்பவர்களுக்குக் காது கேட்கும் என்பதால், 'டக்'கை அவளே சொல்லி நிறுத்தி வைத்துப் பல வருடம் ஆகிறது.

நான் கற்றுக்கொண்டதைக் கேட்டால், என் டீமின் சட்டத்தில் பிற்பாடு சேர்த்த ஒரு வரிதான். திருத்தம் அன்றைக்கே போக வேண்டும். போவதற்கு முன், அந்தக் கோளாறின் மேல் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு, மேடத்துக்கு வயதாகிவிட்டது என்று நினைக்கிறார்கள்.

போன மாதம் பழைய ஃபைல்களை ஒழித்துக்கட்டிய ஒருவர், "மேடம், 'பல்லி'ன்னு ஒரு ஆடியோ ஃபைல் இருக்கு. யாரும் யூஸ் பண்ணல. தூக்கிடலாமா?" என்று கேட்டார். சட்டம் எனக்கும் உண்டல்லவா? கஸ்தூரிக்கு மெசேஜ் போட்டு விசாரித்தேன்.

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது.

'இருக்கட்டும் மேடம். விக்கி இன்னும் டிஸ்பாட்ச்லதான் கீறான்.'